கறுப்பு வீடுகளின் ஊர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, லூயிஸ் தீவின் அட்லாண்டிக் கரையில் உள்ள கியாரன்னன் என்னும் கேலிக் மொழிச் சிற்றூரைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை எழுதியிருந்தேன். அந்தக் குறிப்புக்கு எதிர்பார்த்ததைவிட மிகுதியான கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாக்கி, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவ்வூருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

“அந்த ஊரின் பழைய வீடுகளுக்குக் கறுப்பு வீடு என்று ஏன் பெயர் வந்தது? புகைபோக்கியே இல்லாத வீட்டில் மனிதர் எப்படி வாழ்ந்தார்கள்?” — நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுண்ணச்சாந்து வைத்துக் கட்டி வெள்ளையடித்த புதுமாதிரி வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவுக்கு வந்தபோது அவற்றை வெள்ளை வீடுகள் என்றார்கள். அதற்கு எதிர்ச்சொல்லாகவே பழைய வீடு கறுப்பு வீடு ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கேலிக் மொழியில் ‘கறுப்பு’ என்பதற்கும் ‘கூரை வேய்தல்’ என்பதற்குமான சொற்கள் ஒலியில் நெருங்கியவை. ‘வேய்ந்த வீடு’ என்பதே திரிந்து ‘கறுப்பு வீடு’ ஆனது என்போரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்தவர்களுக்கு அது வெறும் வீடுதான், அடைமொழி பிற்காலத்தது.

கட்டுமுறையைப் பார்த்தால் அந்தத் தீவின் காற்றை எண்ணிக் கட்டியது என்பது விளங்கும். சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய இரண்டு சுவர்கள் எழும். இடைவெளியில் மண்ணை இட்டு நிரப்புவார்கள். சில இடங்களில் சுவரின் கனம் ஓர் ஆள் நீளத்துக்கு வந்துவிடும். கூரை வெளிச்சுவரின் மேல் அமராமல் உட்சுவரின் மேல் அமர்ந்திருக்கும் என்பது நம் கண்ணுக்கு விசித்திரமாகப் படும். நம் ஊர்க் கூரைபோல இறவாணம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அட்லாண்டிக் புயல் அதைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே கூரையில் விழும் மழைநீர் சுவரின் நடுமண்ணுக்குள் இறங்கி, அந்த மண்ணை ஈரமாகவே வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறது. வீட்டின் மூலைகளும் காற்று வழுக்கிப் போகும்படி உருண்டிருக்கும். மரமே அரிதான தீவு என்பதால், கூரைச்சட்டங்களுக்குக் கடல் ஒதுக்கித் தந்த கட்டைகளையும் விட்டுவைக்கமாட்டார்கள். வேய்ந்த வைக்கோலைக் கயிற்றாலோ வலையாலோ போர்த்தி, கயிற்றின் நுனிகளில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள்.

உள்ளே ஒரே கூரையின் கீழ் மேல்பாதியில் மனிதரும், சரிவான கீழ்ப்பாதியில் மாடுகளும் இருந்தார்கள். மாட்டின் உடற்சூடும் வீட்டுக்குப் பயன்பட்டது. நடுவில் தரையிலேயே அடுப்பு இருக்கும். அதில் எரிவது பீட் எனப்படும் சதுப்புக் கரிமண். அதாவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதும் மட்காமல் இறுகிக் கிடக்கும் பாசியும் புல்லும். அந்த அடுப்பை இரவிலும் அணையவிடுவதில்லை; சாம்பலில் பொதிந்துவைத்துக் காலையில் ஊதி எழுப்புவார்கள். புகை மேலே எழுந்து, கூரைக்குள் மெல்ல ஊறி, வைக்கோல் வழியாக வெளியேறும். கரியும் புகையும் ஏறிய அந்தப் பழைய வைக்கோலைப் பிரித்தெடுத்து வயலுக்கு உரமாகப் போட்டுவிட்டுப் புதிதாக வேய்வார்கள் என்பதால் புகைகூட வீணாகவில்லை. ஆனால் கண்ணெரிச்சலும் இருமலும் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

“இவ்வளவு அறிவோடு கட்டிய வீடுகளை விட்டு மக்கள் ஏன் வெளியேறினார்கள்? வெளியேறிய பின் அதே வீடுகளை ஏன் பாரம்பரியச் சின்னம் என்று கொண்டாடுகிறார்கள்?” — தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் கேள்வியில் சிறிது குத்தல் தெரிகிறது. அது நியாயமான குத்தல்தான். கறுப்பு வீட்டில் பிறந்தவர்களே அதை விட்டுப் போக விரும்பினார்கள். தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, புகையில்லாத அறை ஆகியவற்றை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மேலும், நிலக்கிழாரின் ஆட்களும் சுகாதார அதிகாரிகளும் மாட்டுக்கும் மனிதருக்கும் நடுவே சுவர் எழுப்பு, சன்னல் வை என்று பல பத்தாண்டுகள் வற்புறுத்தியதால், அந்த வீட்டில் இருப்பதே ஏழ்மையின் அடையாளம் என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. கியாரன்னனின் கறுப்பு வீடுகளில் கடைசியாக இருந்தவர்கள், பராமரிக்க ஆள்பலம் இல்லாத முதியவர்கள், 1974இல் வெளியேறினார்கள். மேற்கு ஐரோப்பாவில் அப்படிப்பட்ட வீடுகள் எஞ்சியிருந்த கடைசி ஊர்களில் ஒன்று அது.

பின்னர் 1989இல் ஊர்சார்ந்த அறக்கட்டளை ஒன்று அமைந்து, இடிந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டியது. இன்று ஒன்பது வீடுகள் கூரையோடு நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 1950களின் வீடுபோல அமைக்கப்பட்ட காட்சியகம். வேறு சில பயணிகள் தங்குமிடம். அவற்றில் வெந்நீரும் உண்டு, புகை கிடையாது. உண்மையான புகையை முகர விரும்புவோர் சில மைல் வடகிழக்கே உள்ள ஆர்னல் என்னும் ஊருக்குப் போகவேண்டும். அங்கே 42ஆம் எண் வீட்டில் 1960களின் நடுப்பகுதிவரை குடும்பம் வாழ்ந்தது; அது அப்படியே அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது, தரையடுப்பில் பீட் இன்னும் எரிகிறது. கூரை நனையாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க அந்தப் புகையே தேவை. இரண்டில் எனக்குப் பிடித்தது ஆர்னல். ஆனால் கியாரன்னன் அந்த வட்டாரத்து இளைஞருக்குக் கொஞ்சம் வேலையும் தருகிறது என்பதை மறுக்க முடியாது.

“குறிப்பில் ‘நேப்பியர் ஆணையம்’ என்று ஒரு சொல் வந்தது. எங்கள் சென்னையின் நேப்பியர் பாலத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?” — சென்னை சேப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்

உண்டு, இருவரும் ஒருவரே. கூவம் கடலில் கலக்கும் இடத்தில் உள்ள அந்தப் பாலம் 1869இல் கட்டப்பட்டபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பிரான்சிஸ் நேப்பியர் பிரபு. அவர் 1866 முதல் 1872 வரை இங்கே ஆளுநராக இருந்தார். அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபு கொலையுண்டபின் சில மாதங்கள் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்துவிட்டு நாடு திரும்பினார். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1883இல், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிக்கும் தீவுகளுக்கும் அரசு அமைத்த விசாரணை ஆணையத்துக்கு அவரே தலைவரானார்.

விசாரணை எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகளில் நிலம் முழுதும் ஒரு சில பிரபுக்களுக்கும் செல்வருக்கும் சொந்தம். உழவருக்கு இருந்தது ‘கிராஃப்ட்’ எனப்படும் சிறு துண்டு நிலம். அதுவும் ஆண்டுக் குத்தகையில்தான். ஆட்டுப் பண்ணைக்கு நிலம் தேவைப்பட்டால் ஊரையே காலி செய்து, மக்களைப் பாறைக் கரைக்கோ கனடாவுக்கோ அனுப்பிவிடுவார்கள். லூயிஸ் தீவை 1844இல் விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மாதேசன், சீனாவுக்கு அபினி விற்றுப் பொருள் சேர்த்தவர். அவருடைய நிர்வாகத்தின் கெடுபிடிக்கு எதிராக 1874இல் பெர்னரா என்னும் துணைத்தீவின் உழவர்கள் திரண்டார்கள். 1882இல் ஸ்கை தீவில் உழவருக்கும் காவலருக்கும் கைகலப்பே நடந்தது. அதன்பின்தான் லண்டன் அரசு விழித்துக்கொண்டது.

நேப்பியர் தம் குழுவினரோடு தீவு தீவாகச் சென்று, எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டார். ஆங்கிலம் அறியாத உழவர்கள் கேலிக்கில் பேச, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லப் பதிவு நடந்தது. நிலக்கிழார் பழிவாங்குவார் என்று அஞ்சி, வெளியேற்றமாட்டோம் என்ற உறுதிமொழி கேட்டபின்பே வாய் திறந்தவர்களும் அதில் உண்டு. ஊர்ச் சமுதாயத்தைச் சட்டமே ஓர் அமைப்பாக ஏற்க வேண்டும் என்றும், பள்ளியில் கேலிக்கைப் புறக்கணிப்பது நிற்க வேண்டும் என்றும் அறிக்கை 1884இல் கூறியது. அவர் சொன்ன பலவற்றை அரசு ஏற்கவில்லை. ஆயினும் 1886இல் வந்த சட்டம் உழவருக்கு வெளியேற்றப்படாமல் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையையும், நியாயமான குத்தகையையும், நிலத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் உரிமையையும் தந்தது. கியாரன்னன் போன்ற ஊர்கள் இருபதாம் நூற்றாண்டைக் கண்டதற்கு அந்தச் சட்டமே காரணம் என்பது என் கருத்து.

சென்னைக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தென்னாட்டின் ஓலைச்சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி இதே லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே நகரத்தில் பிறந்தவர். அவர் திரட்டியவற்றில் ஒரு பெரும் பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

“எங்கள் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் போலிகள் ஓயவில்லை. ஹாரிஸ் ட்வீட் துணியை மட்டும் அந்தத் தீவினர் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?” — காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நெசவாளர்

அவர்களுக்கென்று நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. 1993இன் ஹாரிஸ் ட்வீட் சட்டப்படி, அந்தப் பெயரைத் தாங்கும் துணி தூய புதுக் கம்பளியால் ஆனதாக இருக்க வேண்டும். சாயம் தோய்ப்பதும் நூற்பதும் முடிப்பு வேலையும் லூயிஸும் ஹாரிஸும் அடங்கிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குள்ளேயே நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீவினர் தம் சொந்த வீட்டில் கைத்தறியில் நெய்திருக்க வேண்டும். தறியை ஒரு கூடத்தில் வரிசையாகப் போட்டுத் தொழிற்சாலை நடத்தினால் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. சிலுவை சூடிய உருண்டை முத்திரை 1911 முதல் துணியில் பதிக்கப்பட்டு வருகிறது.

நடைமுறையில், மில் பாவு நூலையும் ஊடை நூலையும் நெசவாளர் வீட்டுக்கு அனுப்புகிறது. நெய்த துணியை மில்லே திரும்பப் பெற்றுக் கழுவி, முடிப்பு வேலை செய்து விற்கிறது. ஆகவே விலை பேசும் பலம் மில்லிடம்தான் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் முதலாளியிடம் பாவு வாங்கி நெய்பவருக்கு இந்த ஏற்பாட்டை நான் விளக்கவேண்டியதில்லை. முதல் உலகப் போருக்குப் பின் யார்க்‌ஷயரிலிருந்து ஹாட்டர்ஸ்லி என்னும் இரும்புத் தறி வந்தது. கால்மிதியால் ஓடுவதால் அதுவும் கைத்தறிக் கணக்கில் சேர்ந்தது. மின்சாரம் கூடாது என்ற விதி இன்றைய அகலத் தறிக்கும் பொருந்தும். கியாரன்னன் காட்சியகத்தில் பழைய ஹாட்டர்ஸ்லி ஓடுவதைப் பார்க்கலாம்.

பழங்காலத்தில் முடிப்பு வேலையும் ஊரிலேயே நடந்தது. நெய்த துணியைப் பழைய சிறுநீரில் ஊறவைத்து, நீண்ட பலகையைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து, கைமாற்றி அடித்து இறுக்குவார்கள். ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் ஆன பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். அடியின் தாளமே பாட்டின் தாளம். அந்த வேலை நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளியினர் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவுகளுக்குப் போயிராவிட்டால் அந்தப் பாட்டுகளில் எத்தனை நம் காதுக்கு எட்டியிருக்கும் என்பது ஐயமே.

“கேலிக் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டா?” — கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆசிரியர்

குடும்ப உறவு இல்லை. அது அயர்லாந்தின் மொழிக்கு உடன்பிறப்பு; இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளையைச் சேர்ந்தது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், அவர்களுக்கு முதலிலேயே வந்துவிடும். ஸ்காட்லாந்தினர் தம் மொழியைக் ‘காலிக்’ என்றே ஒலிக்கிறார்கள். நாம் எழுதும் ‘கேலிக்’ ஆங்கில வழி வந்தது.

ஆனால் ஆங்கிலத்தைவிட நம் காதுக்கு இயல்பாக விழும் சில அமைப்புகள் அதில் உண்டு. உடைமையைச் சொல்ல அதில் தனி வினை இல்லை. ‘வீடு என்னிடம் இருக்கிறது’ என்ற முறையில்தான் சொல்லமுடியும். மொழி தெரியும் என்பதும் ‘காலிக் என்னிடம் இருக்கிறது’தான். பசியை அவர்கள் ‘பசி என்மேல் இருக்கிறது’ என்பார்கள். ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் நமக்கு, பசிப்பவரை எழுவாயாக்காத அந்தப் பேச்சு அயலாகப் படாது. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. பெரியவர்களிடமும் அறியாதவர்களிடமும் பன்மையில்தான் பேசவேண்டும். எழுத்துகள் பதினெட்டே. மரபில் அவற்றுக்கு மரங்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள் என்பது, மரமே அரிதான லூயிஸின் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வரும் இளைஞரிடம் உன் பெயர் என்ன என்பதற்கு முன், நீ யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள். மெக்லியோட், மாரிசன், மெக்டொனால்ட் என்று ஒரு கைப்பிடிக் குடும்பப் பெயர்களே தீவு முழுதும் இருப்பதால், தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் கோத்துச் சொன்னால்தான் ஆளை அடையாளம் காணமுடியும்.

“அந்தத் தீவினர் புத்தாண்டை மகிழ்ச்சியாகக் கொண்டாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?” — தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்

ஒரு காலத்தில் அது உண்மை. 1919 ஜனவரி 1 அதிகாலையில், போர் முடிந்து வீடு திரும்பிய கடற்படை வீரர்களை ஏற்றிவந்த ‘ஐயோலேர்’ என்னும் கப்பல், ஸ்டோர்னோவே துறைமுகத்தின் வாயிலில், விளக்குகள் தெரியும் தொலைவில், பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த சுமார் 280 பேரில் 201 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் லூயிஸ், ஹாரிஸ் பகுதியினர். லூயிஸின் வடகோடியான நெஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் மெக்லியோட் இடுப்பில் கயிற்றோடு நீந்திக் கரையேறியதால் ஏறத்தாழ 40 பேர் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பிழைத்தார்கள். தப்பியவர்கள் சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. வீடுகளிலும் யாரும் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1923 ஏப்ரலில், ‘மெட்டகாமா’ கப்பல் தீவின் இளைஞர் சுமார் 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது.

“வீடுகளைக் காப்பாற்றிவிட்டார்கள். மொழி பிழைக்குமா?” — டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்

எண்கள் இரண்டு விதமாகப் பேசுகின்றன. 1891இல் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசியவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். 2011இல் அது 57,375 ஆகக் குறைந்தது. 2022 கணக்கெடுப்பில் 69,701 என்று ஏறியிருக்கிறது. ஆனால் கூடியது கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற நகரங்களில், கேலிக் வழிப் பள்ளிகளாலும் விரும்பிக் கற்போராலும். அதே பத்தாண்டில் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் பேசுவோர் பங்கு 52 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாகச் சரிந்து, முதன்முறையாகப் பாதிக்குக் கீழே போயிற்று. தீவுகளின் அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, இப்படியே போனால் ஊர்மொழி என்ற நிலை பத்தாண்டுக்குள் குலைந்துவிடும் என்று எச்சரித்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025 ஜூனில் இயற்றிய சட்டம் கேலிக்குக்கு அலுவல் மொழித் தகுதி தந்திருக்கிறது.

1872இன் கல்விச் சட்டம் கேலிக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது; அந்த மௌனத்தின் நிழலில் பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடிபட்ட தலைமுறை தம் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. இன்று பள்ளி கேலிக் கற்பிக்கிறது. ஆனால் விளையாட்டுத் திடலிலும் சமையலறையிலும் ஆங்கிலமே ஒலிக்கிறது. பள்ளியால் பேசக் கற்றவர்களை உருவாக்க முடியும். தாத்தா வைதால் பேரன் அதே மொழியில் திருப்பிச் சொல்லும் வீட்டைப் பள்ளியால் உருவாக்க முடிவதில்லை. டொராண்டோவில் இருக்கும் உங்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நம்பிக்கை தருவது வேறோர் இடத்தில் இருக்கிறது. 1977இல் அதே நெஸ் பகுதியில் ஊரார் தாமே ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. எந்த நிலத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, யார் கனடாவுக்குப் போனார், கோடையில் மாடு ஓட்டிச் சென்று பெண்கள் தங்கிய மேட்டுக் குடில்களுக்கு என்ன பெயர் என்றெல்லாம் முதியவர்களிடம் கேட்டுப் பதிந்தார்கள். வெளியூர்க்காரருக்கு ஒரே பழுப்புச் சதுப்பாகத் தெரியும் அந்த வெளியில், ஒவ்வொரு குட்டைக்கும் மேட்டுக்கும் பெயர் உண்டு. மேய்ச்சலுக்குப் போவது நின்றபின் அந்தப் பெயர்கள் வாழ வேறு இடமில்லை என்பதால் இந்தப் பதிவுகளைக் கூரை வேய்வதைவிட அவசரமான வேலையாகவே நான் கருதுகிறேன்.

“போய்ப் பார்க்க விரும்புகிறேன். எப்போது போகலாம்?” — மதுரையிலிருந்து ஒரு வாசகர்

மே முதல் செப்டம்பர் வரை நல்லது. மே மாதத்தில் போனால் பீட் வெட்டுவதையும் பார்க்கலாம். நீண்ட காம்புடைய இரும்பால் ஒருவர் வெட்ட, மற்றவர் ஈரக் கட்டிகளைக் கரையில் எறிந்து உலர வைப்பார். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றிய தீவு அது. ஸ்டோர்னோவேக்கு ஞாயிறன்று பயணியர் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான், அதுவும் எதிர்ப்புக்கிடையே. ஆர்னல் வீடும் அன்று மூடியிருக்கும். அன்று உங்களுக்கு வேறு வேலை இருக்காது என்பதால், கேலிக் வழிபாடு நடக்கும் ஒரு தேவாலயத்தின் கடைசி வரிசையில் போய் அமருங்கள். இசைக்கருவி எதுவும் கிடையாது. ஒருவர் எழுந்து விவிலியத்தின் சங்கீதப் பாடல் ஒன்றின் ஒரு வரியை இழுத்துப் பாடுவார். சபை அதை வாங்கி, ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியபடி சுற்றி வளைத்துப் பாட, ஒலி அலைபோல எழுந்து ஒன்றன்மேல் ஒன்று புரளும். அது அடங்குமுன்பே முன்னவர் அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார்.